வீட்டுச் சீரமைப்பு

வீட்டுச் சீரமைப்பு என்பது ஏற்கெனவே கட்டப்பட்டு மக்கள் வாழ்ந்துவரும் வீட்டைப் பழுதுபார்த்தல், புதுப்பித்தல், தேவைக்கேற்ப மாற்றியமைத்தல், விரிவாக்குதல் ஆகிய பணிகளைக் குறிக்கும். சுவருக்கு வண்ணம் பூசுவது முதல் மொட்டைமாடியில் ஓர் அறை எழுப்புவது வரை பலவகைப் பணிகள் இதில் அடங்கும். இவற்றை வீட்டில் வாழ்பவர்கள் தம் கையாலேயே செய்வது தானே செய்தல் எனப்படும். கூலித் தொழிலாளரையோ ஒப்பந்தக்காரரையோ கொண்டு செய்விப்பது மற்றொரு முறை. நடைமுறையில் பெரும்பாலான வீடுகளில் இவ்விரண்டும் கலந்தே நடைபெறுகின்றன. எதைத் தாமே செய்வது, எதைப் பிறரிடம் விடுவது என்னும் முடிவு செலவோடு மட்டும் தொடர்புடையதன்று. வீட்டின் உறுதியும் சில வேளைகளில் உயிரும் அதைச் சார்ந்துள்ளன.

பழைய நிலை

தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் வீட்டுப் பராமரிப்பு ஆண்டுச் சுழற்சியோடு இணைந்த வேலையாக இருந்தது. தென்னங்கீற்றுக் கூரையை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பனையோலை சற்றுக் கூடுதலாகத் தாங்கும். கீற்று முடைவது பெரும்பாலும் பெண்களின் வேலை. கூரைமேல் ஏறி வேய்வதற்கு உறவினரும் அக்கம்பக்கத்தாரும் வருவர். மழையில் கரைந்த மண்சுவரைப் பூசுவதும், தரையைச் சாணமிட்டு மெழுகுவதும், பொங்கலுக்கு முன்பு வெள்ளையடிப்பதும் கூலி கொடுத்துச் செய்யும் வேலைகளாகக் கருதப்படவில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, வெண்மை எடுப்பாகத் தெரியச் சிறிது நீலம் கலந்து, நார் மட்டையால் சுவரில் அடிப்பர். மரவேலை, செங்கல் வேலை, இரும்பு வேலை ஆகியவை மட்டும் தச்சர், கொத்தர், கொல்லர் ஆகியோரிடம் இருந்தன.

சிமெண்டும் இரும்புக்கம்பியும் பரவிய பின்பு இந்நிலை மாறியது. இந்தியாவில் சிமெண்ட் விலையும் பகிர்வும் நெடுங்காலம் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தன. 1982 இல் அக்கட்டுப்பாடு ஓரளவு தளர்த்தப்பட்டு, 1989 இல் முழுமையாக நீக்கப்பட்டது. அதன் பின்னர் கான்கிரீட் தளம் சிற்றூர்களிலும் இயல்பானதாயிற்று. கீற்றுக் கூரையைப் போல் ஆண்டுதோறும் கவனிக்க வேண்டியதில்லை என்பது கான்கிரீட்டின் பெரும் ஈர்ப்பு. ஆயினும் அதில் பழுது ஏற்படும்போது வீட்டாரால் தாமே சரிசெய்ய இயலுவதில்லை. பராமரிப்பு அறிவு வீட்டை விட்டு மேஸ்திரியிடம் சென்றது எனலாம்.

மேலைநாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் தானே செய்தல் ஓர் இயக்கம் போல வளர்ந்தது. தொழிலாளர் பற்றாக்குறை, உயர்ந்த கூலி, சொந்த வீடு வாங்கிய இளங்குடும்பங்களின் பெருக்கம் ஆகியவை இதற்குக் காரணங்கள். கைத்துப்பாக்கி வடிவிலான மின்துளைப்பானுக்கு பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1917 இலேயே காப்புரிமை பெற்றிருந்தாலும், அது வீட்டுக் கருவியானது போருக்குப் பின்னரே. பிரித்தானியாவில் பாரி பக்னெல் 1962 இல் பழைய வீடு ஒன்றைப் புதுப்பிக்கும் பணியை பிபிசி தொலைக்காட்சியில் தொடராக நடத்திக் காட்டினார். சவுத்தாம்ப்டனில் பி அண்ட் கியூ 1969 இலும், அட்லாண்டாவில் ஹோம் டிப்போவின் முதற்கடைகள் 1979 இலும் திறக்கப்பட்டன.

தமிழ்நாட்டில் இவ்வியக்கம் வேர்கொள்ளாமைக்கு மக்களின் சோம்பல் காரணமன்று. வட அமெரிக்க வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அறைந்து கட்டப்படுபவை. கைவாளும் திருகாணியும் கொண்டு ஒருவர் தனியாகவே ஒரு சுவரைத் திறந்து மூடலாம். செங்கல்லும் சிமெண்டுமான சுவரில் ஓர் ஆணி இறங்குவதற்கே துளைப்பான் வேண்டும். மேலும், ஒரு நாள் கூலியை விடக் கருவியின் விலை பன்மடங்கு கூடுதலாக இருக்கும் இடத்தில், ஆண்டுக்கு ஒருமுறை பயன்படும் கருவியை வாங்குவதில் பொருளில்லை. இவற்றோடு சாதியமைப்பும் சேர்ந்துள்ளது. உடலுழைப்பைத் தாழ்வாகவும், கழிவுநீர் தொடர்பான வேலையைத் தீட்டாகவும் கருதும் மனப்பாங்கு, வசதி படைத்தோரைக் கருவிகளிடமிருந்து விலக்கி வைத்தது. அதே அமைப்பு, வேலைத்தளத்தில் பல ஆண்டுகள் கலவை சுமக்கும் சித்தாள் பெண்களைக் கரண்டி பிடிக்கும் கொத்தனாராக உயரவிடுவதும் அரிது.

வேலை விடும் முறைகள்

தமிழ்நாட்டில் கட்டட வேலை மூன்று முறைகளில் விடப்படுகிறது.

முதலாவது நாள்கூலி. வீட்டுக்காரரே சிமெண்ட், மணல், செங்கல் ஆகியவற்றை வாங்கி வைத்து, கொத்தனாருக்கும் பெரியாளுக்கும் சித்தாளுக்கும் தனித்தனியே நாள் கணக்கில் கூலி கொடுப்பார். சிறிய பழுதுகளுக்கு இதுவே ஏற்றது. சுவரை உடைத்துப் பார்த்தால்தான் பழுதின் அளவு தெரியும் என்னும் நிலையில் முன்கூட்டியே விலை பேசுவது இரு தரப்புக்கும் சூதாட்டமாகிவிடும். வேலை இழுத்துக்கொண்டே போகும் என்பது இம்முறையின் குறை. வீட்டுக்காரர் நாள் முழுவதும் உடனிருக்க வேண்டியிருப்பதால், அவருடைய இழந்த வருமானமும் செலவில் சேரும். பலர் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

இரண்டாவது கூலி ஒப்பந்தம். பொருள்கள் வீட்டுக்காரருடையவை; உழைப்பு மட்டும் சதுர அடிக்கு இவ்வளவு என மேஸ்திரியிடம் பேசி விடப்படும். 100 சதுர அடி ஒரு சதுரம் எனப்படும். வேலை விரைவாக முடியும். ஆனால் பொருள் வீணாவதைப் பற்றி மேஸ்திரிக்குக் கவலை இராது, விரைவே அவருக்கு வருவாய். எனவே நேரம் எடுக்கும் வேலைகள் குறுகும். அவற்றுள் முதலில் குறைவது நீராற்றல் ஆகும். இந்தியத் தர நிறுவனத்தின் 456 ஆம் எண் விதித்தொகுப்பு (2000), சாதாரண போர்ட்லாந்து சிமெண்ட் கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாள்களும், சாம்பல் முதலியவை கலந்த சிமெண்ட் கான்கிரீட்டை 10 நாள்களும் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. வெப்பமும் வறட்சியும் மிக்க இடங்களில் இவை முறையே 10, 14 நாள்களாகும். இதைக் கூலி ஒப்பந்தத்தில் எவரும் எழுதுவதில்லை. வீட்டுக்காரர் தாமே செய்யத்தக்க வேலைகளில் மிக எளியதும் மிகுந்த பயன் தருவதும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவதே.

மூன்றாவது முழு ஒப்பந்தம். பொருளும் கூலியும் சேர்த்து ஒப்பந்தக்காரர் பொறுப்பேற்பார். அலைச்சல் இல்லை என்பது இதன் நன்மை. வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழ்வோர் இதையே நாடுகின்றனர். இங்கு ஆபத்து பொருளின் தரத்தில் உள்ளது. கம்பியின் விட்டம், சிமெண்ட் வகை, மணல் வகை, மின்கம்பியின் பருமன், குழாயின் தரம் ஆகியவை எழுத்தில் இல்லையெனில் மலிவானதே வந்து சேரும். கான்கிரீட் ஊற்றியபின் உள்ளே இருக்கும் கம்பியைக் கண்ணால் காண இயலாது. ஆகவே தளம் ஊற்றுவதற்கு முந்தைய நாள் கம்பிக்கட்டைப் பார்ப்பதும் அளப்பதும் ஒளிப்படம் எடுத்து வைப்பதும் பயனுள்ள பழக்கங்கள்.

கலவையில் தண்ணீரின் அளவும் இவ்வாறே. மேற்கூறிய விதித்தொகுப்பின்படி எம்20 வகைக் கான்கிரீட்டுக்கு, கன அளவில் ஏறத்தாழ ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி எனக் கலக்கும்போது, 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. கலவை தளதளவென்று இருந்தால் பரப்புவது எளிது என்பதால் தொழிலாளர் கூடுதலாக ஊற்றுவர். அவ்வாறு ஊற்றிய கான்கிரீட் காய்ந்தபின் வலுக் குன்றியும் நுண்துளை மிகுந்தும் இருக்கும். அத்துளைகள் வழியே ஈரம் புகுந்து கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்துத் தளத்தின் அடிப்பூச்சைத் தள்ளிவிடும். பழைய அடுக்குமாடிகளில் கூரைப்பூச்சு பெயர்ந்து விழுவதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

அளவெடுப்பு

ஒப்பந்தத் தகராறுகளில் கணிசமானவை வேலையின் தரத்தால் எழுவதில்லை, அளவெடுப்பால் எழுகின்றன. படிக்கட்டு, அதன் மேலறை, வெயில்மறைப்பு, நிலத்தடித் தொட்டி, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றை முழுப் பரப்பாகக் கணக்கிடுவதா, பாதியாகவா என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறுபடும். வண்ணப்பூச்சில் கதவு சன்னல் பரப்பைக் கழிப்பதா இல்லையா என்பதும் அத்தகையதே. 10 அடி அகலம், 12 அடி நீளம், 10 அடி உயரம் கொண்ட அறையின் நான்கு சுவர்களும் 440 சதுர அடி. ஒரு கதவும் (21 சதுர அடி) 4 அடிக்கு 4 அடியான இரு சன்னல்களும் (32 சதுர அடி) கழிந்தால் 387 சதுர அடியே எஞ்சும். ஐந்து அறைகளில் இவ்வேறுபாடு 265 சதுர அடியாகும்.

தரை ஓடு வாங்கும்போது இக்கணக்கு வேறு வகையில் பயன்படும். அதே அறையின் தரை 120 சதுர அடி. இரண்டடிச் சதுர ஓடு 30 போதும். உடைசலுக்கும் வெட்டுக்கும் மூன்று நான்கு கூடுதலாக வாங்குவது வழக்கம். மிஞ்சியவற்றைப் பரணில் போட்டு வைப்பது நல்லது. ஒரே பெயரில் விற்கப்படும் ஓடு அடுத்த தயாரிப்புத் தொகுதியில் நிறம் மாறிவிடும் என்பதால், சில ஆண்டுகள் கழித்து ஓர் ஓடு உடைந்தால் இணை கிடைக்காது.

தாமே செய்யத்தக்கவை

வண்ணம் பூசுதல், குழாயின் வாசர் மாற்றுதல், கழுவுதொட்டியின் அடைப்பு நீக்குதல், கதவுக் கீல் இறுக்குதல், கொசுவலை பொருத்துதல், மொட்டைமாடி நீர்ப்போக்கியைத் துப்புரவு செய்தல் ஆகியவற்றைப் பழக்கமில்லாதவரும் கற்றுக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, புரட்டாசியில், மாடியில் சருகும் மண்ணும் அடைத்த நீர்ப்போக்கிகளைத் திறந்துவிட்டால் கசிவுப் புகார்களில் பல எழமாட்டா. மாடித்தளத்தின் தட்டோடுகளுக்கு இடையே விரிசல் விட்ட சாந்தை நிரப்புவதும் கடினமன்று.

வண்ணம் பூசும் முன் சுவர் ஓதத்தின் காரணத்தை அறிவது இன்றியமையாதது. ஓதம் உள்ள சுவரில் எவ்வளவு விலையுயர்ந்த வண்ணம் பூசினாலும் அடுத்த மழையில் உப்புப் பூத்து உரிந்துவிடும். எளிய சோதனை ஒன்றுண்டு. நெகிழித் தாளை நான்கு புறமும் ஒட்டுநாடாவால் சுவரில் ஒட்டி ஓரிரு நாள்கள் விட வேண்டும். தாளின் உட்புறம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் மட்டும் நனைந்திருந்தால் அறைக்காற்றின் ஈரமே படிகிறது. காற்றோட்டம் தேவை என்பது பொருள். முதலாவதாயின் மேல்மாடிக் குளியலறை, புதைந்த குழாய், கூரை, அடித்தளம் என ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

சுண்ணாம்பு அடிக்கும்போது கண்ணைக் காப்பது முகாமையானது. நீற்றிய சுண்ணாம்பு கடுங்காரம். கண்ணில் பட்டால் பார்வை இழப்பு நேரலாம். பட்டவுடன் தூய நீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

தாமே செய்யக் கூடாதவை

மின்சாரம்: இந்திய மின்சார விதிகள் (1956), விளக்கு, மின்விசிறி, உருகி, சொடுக்கி போன்றவற்றை அவற்றின் திறன் மாறாமல் மாற்றுவதைத் தவிர, பிற மின்னமைப்பு வேலைகளை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரே செய்ய வேண்டும் எனக் கூறின. பின்னர் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குவிதிகளும் இதையே பின்பற்றின. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005 ஆம் ஆண்டு முதல் வீட்டு மின்வேலைக்கு இத்தகைய வரம்புகள் உள்ளன. எர்த் இணைப்பு இல்லாத வெந்நீர்க் கருவியும் மாவரைக்கும் பொறியும் பல வீடுகளில் இன்றும் உள்ளன. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் காப்புச் சாதனத்தைப் பொருத்துவது, வீட்டுச் சீரமைப்பில் உயிர்காக்கும் செலவு எனலாம். வண்ணப்பூச்சு, தளம் மாற்றல் ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கும் குடும்பங்கள் இதைத் தள்ளிப்போடுவது வியப்புக்குரியது.

தொட்டிகள்: கழிவுநீர்த் தொட்டியில் மீத்தேன், ஐதரசன் சல்பைடு ஆகிய வளிமங்கள் தேங்கியிருக்கும். உள்ளே இறங்கியவர் சில நொடிகளில் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் அவ்வாறே விழுவார். ஒரே தொட்டியில் பலர் இறப்பது இதனாலேயே. உரிய காப்பு ஏற்பாடுகளின்றி இவ்வேலையில் மனிதரை ஈடுபடுத்துவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. இத்தகைய இறப்புகளுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014 இல் 10 இலட்சம் ரூபாய் எனவும், 2023 அக்டோபரில் 30 இலட்சம் ரூபாய் எனவும் நிர்ணயித்தது. தடையை மீறி ஆளை இறக்கும் வீட்டுக்காரரும் சட்டத்துக்கு உட்பட்டவரே. கழிவுநீர் ஒருபோதும் விடப்படாத புதிய தொட்டியும் பாதுகாப்பானதன்று. மூடியிட்டுப் பல நாள்கள் அடைந்துகிடந்த தண்ணீர்த் தொட்டிக்குள் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கியவர்கள் மூச்சுத் திணறி இறந்த நிகழ்வுகள் தமிழ்நாட்டில் மீண்டும் மீண்டும் நிகழ்கின்றன. நனைந்த மரமும் அதில் வளரும் நுண்ணுயிர்களும் உள்ளிருக்கும் ஆக்சிசனைத் தீர்த்துவிடுவதே காரணம்.

சுவர்கள்: தூண்களும் உத்தரங்களும் கொண்ட சட்டக வீட்டில் இடையேயுள்ள சுவர் பெரும்பாலும் தடுப்பே. பாரந்தாங்கு சுவர் வீட்டில் ஒன்பது அங்குலச் சுவர் ஒவ்வொன்றும் மேல்தளத்தைச் சுமக்கிறது. இரண்டு அறைகளை ஒன்றாக்க அதை இடிப்பவர் கூரையின் காலை எடுக்கிறார். இதை முடிவு செய்ய வேண்டியவர் கட்டமைப்புப் பொறியாளர்; மேஸ்திரியின் அனுபவம் மட்டும் போதாது. குழாய் புதைக்கக் காடி வெட்டுவதற்கும் வரம்பு உண்டு. செங்குத்துக் காடி சுவர்ப் பருமனில் மூன்றிலொரு பங்கையும், கிடைக்காடி ஆறிலொரு பங்கையும் தாண்டலாகாது. நாலரை அங்குலச் சுவரில் கிடைக்காடி முக்கால் அங்குலம் மட்டுமே என்பதைக் குழாய் வேலை செய்பவர் பலர் பொருட்படுத்துவதில்லை.

பழைய வண்ணமும் ஆஸ்பெஸ்டாசும்: வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தை 90 பிபிஎம் அளவுக்கு மேல் தடைசெய்யும் விதி இந்தியாவில் 2016 இல் வெளியிடப்பட்டு 2017 இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பூச்சைக் கதவிலிருந்து உலர்வாகத் தேய்க்கும்போது எழும் தூசு சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். நனைத்துத் தேய்ப்பதும், குழந்தைகளை அப்புறப்படுத்துவதும் வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத்தகட்டை அறுப்பதும் துளையிடுவதும் நுரையீரலுக்குக் கேடான இழைகளைப் பரப்பும். அதன்மீது நேரடியாக ஏறி நிற்பவர் தகடு உடைந்து விழுவதும் அடிக்கடி நேரும் விபத்து.

சுண்ணாம்புக் கட்டடங்கள்

செட்டிநாடு, தஞ்சாவூர், சென்னையின் மயிலாப்பூர் முதலிய இடங்களில் உள்ள பழைய வீடுகள் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. மரக்கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பால் இறுக்கிய மெட்ராஸ் ஒட்டுத்தளம் இவற்றில் பரவலாகக் காணப்படும். இவ்வீடுகளைச் சிமெண்டால் பழுதுபார்ப்பது நன்னோக்குடன் செய்யப்படும் பெருங்கேடு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அதை உள்ளே அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் செங்கல்லை அரிக்கும், கட்டையின் நுனியை உளுக்கச் செய்யும். இங்கு தானே செய்வதா, ஒப்பந்தமா என்பதை விடச் சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் கிடைக்கிறாரா என்பதே கேள்வி. அத்தகையோர் அருகிவிட்டனர்.

ஒப்பந்தமும் சட்டமும்

இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872) வாய்மொழி ஒப்பந்தத்தையும் ஏற்கிறது. எனினும் அதை மெய்ப்பிப்பது கடினம். ஒரு தாளில் வேலையின் விவரம், பொருளின் வகை, அளவெடுக்கும் முறை, பணம் தரும் கட்டங்கள், முடிக்கும் நாள் ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். புதிய கட்டுமானத்தில் கடைக்கால், பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு எனக் கட்டங்கள் வகுக்கப்படும். முடிந்த வேலையைத் தாண்டிப் பணம் கொடுத்துவிட்டால் வீட்டுக்காரரின் பிடி தளர்ந்துவிடும். அதே வேளையில், முன்பணமே தராமல் வேலை கேட்பது, தொழிலாளருக்கு வாரக் கூலி கொடுக்க வேண்டிய சிறு மேஸ்திரியைக் கந்துவட்டிக்கு அனுப்புவதாகும். ஒரு சிறு தொகையை ஒரு மழைக்காலம் முடியும் வரை நிறுத்தி வைப்பது இரு தரப்பும் ஏற்கத்தக்க ஏற்பாடு.

வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தின்கீழ் ஒரு சேவையே என உச்ச நீதிமன்றம் 1993 இல் தீர்ப்பளித்தது. 2020 சூலை முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். தொழிலாளர் தரப்பில், 1994 இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு விபத்து உதவி கிடைக்கும். சாரத்தில் ஏறுபவர் பதிவு பெற்றவரா என வேலை தொடங்குமுன் கேட்கும் வீட்டுக்காரர்கள் குறைவு.

அரசுத் திட்டங்களும் மீள்குடியமர்வும்

தானே செய்தலா ஒப்பந்தமா என்னும் கேள்வி அரசுகளின் வீடமைப்புக் கொள்கையிலும் எழுந்துள்ளது. இந்தியாவில் 1985 இல் தொடங்கிய இந்திரா ஆவாஸ் யோஜனா திட்டத்தின் நெறிமுறைகள், பயனாளியே தம் வீட்டைக் கட்ட வேண்டும், ஒப்பந்தக்காரரை அமர்த்தலாகாது எனக் கூறின. 2001 குசராத் நிலநடுக்கத்துக்குப் பின்னர் அம்மாநில அரசு வீட்டாருக்குத் தவணை முறையில் பணம் வழங்கி, பொறியாளர் சோதனையின்கீழ் அவர்களே கட்டிக்கொள்ளச் செய்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் தமிழ்நாட்டுக் கடற்கரையில் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் ஒப்பந்தக்காரர் வழியாக வரிசை வீடுகளைக் கட்டித் தந்தன. வீடுகள் விரைவில் எழுந்தன. ஆனால் திண்ணையும் மர நிழலும் வலை வைக்கும் இடமும் பல ஊர்களில் இல்லாமற் போயின. குடியேறியவர்கள் அதன் பிறகு தம் செலவில் அவற்றைச் சேர்த்தனர்.

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இவ்விரு முறைகளும் அடுத்தடுத்து நடைமுறைப்படுத்தப்பட்டன. போர் 2009 இல் முடிந்த பின்னர் இந்தியா அறிவித்த 50,000 வீட்டுத் திட்டத்தில், முதல் 1,000 வீடுகள் ஒப்பந்தக்காரர் மூலம் கட்டப்பட்டு 2012 இல் நிறைவடைந்தன. அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய அடுத்த கட்டத்தில் உரிமையாளரே கட்டும் முறை பின்பற்றப்பட்டது. புது வீட்டுக்கு 550,000 இலங்கை ரூபாயும், சேதமடைந்த வீட்டைத் திருத்த 250,000 ரூபாயும், வேலை முன்னேறும் படிநிலைக்கேற்ப வங்கிக் கணக்கில் இடப்பட்டன. குடும்பங்கள் தாமே மேசனைத் தேடி, மணலும் கல்லும் சேர்த்து, கல்லறுத்து, மண் சுமந்து வீடெழுப்பின. தமக்கேற்ற வடிவில் வீடு அமைந்தது இதன் பயன். பாரமும் இருந்தது. ஒரே காலத்தில் பல்லாயிரம் வீடுகள் எழுந்ததால் மேசன்மார் கிடைப்பது அரிதாகிக் கூலியும் பொருள் விலையும் ஏறின. உதவித் தொகைக்கு மேல் செலவாகிப் பலர் நகை அடகு வைத்தும் கடன்பட்டும் முடித்தனர். கணவரை இழந்த பெண்கள் தலைமையேற்ற குடும்பங்களுக்கு ஆள் உதவியின்றி இவ்வேலை மிகவும் கடினமாயிற்று.

2016 இல் இலங்கை அரசு வடகிழக்கில் 65,000 முன்தயாரிப்பு எஃகு வீடுகளை ஒரு வெளிநாட்டு நிறுவனம் மூலம் அமைக்க முனைந்தது. ஒவ்வொன்றின் விலையும் ஏறத்தாழ 21 இலட்சம் இலங்கை ரூபாய் எனக் கூறப்பட்டது. கல்வீடு இதைவிடக் குறைந்த செலவில் கட்டலாம் என்றும், வெப்பமான பகுதிக்கு எஃகுச் சுவர் பொருந்தாது என்றும் கட்டட வல்லுநரும் தமிழ் அரசியல்வாதிகளும் எதிர்த்தனர். அவர்களுடைய மற்றொரு வாதம் சீரமைப்பைப் பற்றியது. எஃகு வீட்டில் பின்னாளில் ஓர் அறை கூட்டவோ துருப்பிடித்த பகுதியைத் திருத்தவோ உள்ளூர் மேசனால் இயலாது, மகன் மணமுடிக்கும்போது ஒரு பத்தி இறக்கக்கூட வழியிராது என்றனர். அத்திட்டம் அறிவிக்கப்பட்ட அளவில் நிறைவேறவில்லை.